வண்டி வருமா என்று கேட்டவர்

கரியாலூர் பக்கம் வேண்டுதலை முடித்துவிட்டு, பஸ் வரும்வரை மழைக்கு ஒதுங்கிய இடம், ஊரார் சேர்ந்து நடத்தும் இன்டர்நெட் அறை. அதைப் பார்த்துக்கொண்டவர் ஒல்லியான மனிதர், மேலே மலையூரிலிருந்து தினமும் நடந்து இறங்கி வருபவர். மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கம் காம்பு இல்லை, நூல்தான். வந்தவர்களுக்கு பென்ஷன் ஏறிவிட்டதா என்று பார்த்துச் சொன்னார். திருப்பூருக்கு வேலைக்குப் போன பிள்ளைகளை வீடியோவில் காட்டினார். என் மகளுக்கும் சாமி படத்தை அனுப்பித் தந்தார்.

அறையைப் பூட்டும் முன், அடிவாரத்து ஆம்புலன்ஸ் டிரைவரை ஸ்பீக்கரில் கூப்பிட்டார்.

"மேல எங்கூருக்கு வண்டி வருமாப்பா?"

"இன்னா மாமா, ரோடு போட்டுட்டாங்களா?"

"இல்லப்பா."

"அப்ப வண்டிக்கு றெக்கைதான் கட்டணும். நாளைக்குக் கூப்புடு."

இருவரும் சிரித்தார்கள்.

"தினமும் கேப்பீங்களா?" என்றேன்.

"ஆமாங்க. சின்னப் பொண்ணு மாசமா இருக்குது. பெரியவள பிரசவத்துக்குத் தொட்டில் கட்டித் தூக்கினு வந்தோம். பாதி வழியிலயே போயிட்டா. அப்ப கூப்புட டவர் இல்லீங்க. டவர் வந்தா வண்டி வந்துரும்னுதான், எங்கூரு மேட்டுல நிக்கிற டவர் கம்பத்த நானும் தோள் குடுத்துத் தூக்கினு வந்தேன்."

பஸ் வந்துவிட்டது.

இப்போதும் விளக்கேற்றி, என் பிள்ளைகளின் பெயரைச் சொன்னபின், நான் பெயர் கேட்காமல் வந்த அந்தப் பெண்ணுக்காகவும் கைகூப்புகிறேன். சுகப்பிரசவம் கொடு சாமி என்று கேட்கத்தான் நினைக்கிறேன். ரோடு கொடு என்றுதான் வாயில் வருகிறது.