பெரிய வெள்ளியில் அளக்காத பாலம்

மாங்குளத்துக்கு வடக்கே, என் தேநீர்க்கடைக்கு எதிரே தெரியும் ரயில் பாலத்தில்தான் பஸ்தியாம்பிள்ளைக்கு வேலை. தூணுக்கும் பாலத்தின் இரும்புக்கும் இடையே புதிதாக இறப்பர் பெயரிங், அதாவது தாங்கி, வைத்திருந்தார்கள். ரயிலின் பாரம் முழுக்க அதன் தலையில்தான். எவ்வளவு தாங்கும் என்று ஒரு வருடம் சோதிக்க வேண்டுமாம். காலை ரயில் போனதும் மனுசன் கீழே இறங்கி, ஆணிகளைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, இறப்பரின் தடிப்பை அளந்து எழுதுவார்.

பின்னேரம் ஐந்து மணிக்குப் பொறியியலாளர் நிதர்சனா கொழும்பிலிருந்து அழைப்பார். அளவு என்ன, மழையா, சாப்பிட்டீர்களா. இரண்டு நிமிடக் கதை. அதற்கு மனுசன் நாலு மணிக்கே முகம் கழுவி, சட்டை மாற்றி, என் கடை வாங்குப் பலகையில் வந்து குந்திவிடுவார். போனில் கதைக்க எதற்கையா சட்டை என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். மனைவி யூலிற்றா செத்து மூன்று வருடம். பிள்ளைகள் இல்லை. முல்லைத்தீவுச் சொந்தங்கள் செத்தவீட்டுக்கு மட்டும் அழைப்பார்கள். சாப்பிட்டதை விசாரிக்க வேறொரு சீவனும் இல்லை.

சோதனையின் கடைசிக் கிழமை ஆள் இடிந்துபோனார். இறப்பர் அரை மில்லிமீற்றர்கூட நசியவில்லை. சோதனை முடிந்தால் அழைப்பும் நின்றுவிடும். அளவை மாற்றி எழுதினால் இழுக்கலாமே என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். சனம் போகிற பாலம், விளையாட்டா என்று முறைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். பெரிய வெள்ளி அன்று அவர் அளக்கவே இல்லையாம். ஆண்டவரைச் சிலுவையில் ஆணி அறைந்த நாளில் அவருடைய முல்லைத்தீவுக் கடற்கரைச் சனம் சுத்தியல் தொடாது. முதல்நாள் அளவையே எழுதிவிட்டு, வேலை போய்விடும் என்று இத்தனை மாதம் மறைத்திருக்கிறார். இப்போது அந்தப் பிழையில்தான் மனுசனுக்கு நம்பிக்கை. ஒரு நாள் அளவு பிழை என்றால் முதலிலிருந்து அளக்கச் சொல்வார்கள்தானே என்றார்.

கடைசி நாள், ஐந்து மணிக்கு எல்லாவற்றையும் ஒப்புவித்தார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. நிதர்சனாவுக்குக் கோபமே வரவில்லை.

"அதுக்கென்ன ஐயா. எங்களுக்குக் கிழமைக்கு ஒரு அளவே போதும்."

பஸ்தியாம்பிள்ளை போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"அப்ப ஏன் பிள்ளை ஒவ்வொரு நாளும் போன் எடுத்தனீங்கள்?"



"வேலை முடிஞ்சு அறைக்குப் போனால் கதைக்க ஆக்கள் இல்லை ஐயா. அதுதான்."

நாளைக்கும் எடு பிள்ளை என்று சொல்லித் தொலையும் ஐயா என்று சைகை காட்டினேன். மனுசன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். அறிக்கையை அனுப்பிவிட்டேன், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அந்தப் பிள்ளை வைத்துவிட்டது.