குடம் பிடித்த இடம்

தாராவியில் எங்கள் சந்தில் குடம் என்பது ஓர் ஆள். விடியற்காலையில் குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்பே வரிசையில் குடத்தை வைத்துவிட்டுப் போய்ப் பல் தேய்க்கலாம், டீ குடிக்கலாம், பக்கத்து வீட்டோடு ஒரு சண்டைகூடப் போட்டுவிட்டு வரலாம். திரும்பி வரும்போது நம் இடம் நமக்காகக் காத்திருக்கும். எது யாருடைய குடம் என்பது எல்லோருக்கும் அத்துப்படி. எங்களுடையது எவர்சில்வர், கழுத்தில் ஒரு நசுங்கல். அது வரிசையில் இருந்தால் அம்மா நிற்பதாக அர்த்தம். இந்தச் சட்டத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் நாட்டின் மற்ற சட்டங்களைவிட இதற்கு எங்களிடம் மரியாதை அதிகம். ஒரே ஒரு ஓட்டை உண்டு. வெறும் குடமாக இருந்தால் அவசரக்காரர்கள் காலால் மெல்லத் தள்ளிவிட்டு முன்னேறிவிடுவார்கள். அதனால் விவரமானவர்கள் அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு வைப்பார்கள். கனமான குடத்தைத் தள்ள யாருக்கும் மனம் வராது.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, அப்படியொரு குடத்தை நம்பி ஒரு கச்சேரிக்குப் போனேன்.

ஜனவரி இருபத்தாறாம் தேதி மும்பையின் சால் எனும் வரிசைக் குடியிருப்புகளிலும் சந்துகளிலும் சத்தியநாராயண பூஜை நடக்கும். குடியரசு தினத்துக்கும் சத்தியநாராயணருக்கும் என்ன சம்பந்தம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்களுக்கு அது கேள்வியாகவே தோன்றியதில்லை. அரசாங்கம் விடுமுறை விடுகிறது, எல்லோரும் வீட்டில் இருக்கிறார்கள், பிறகு சாமிக்கு மட்டும் என்ன வேலை? காலையில் கொடி ஏற்றி, மத்தியானம் பூஜை முடித்து, பிரசாதமாகத் தரும் ரவை ஷீரா சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் ஒரு கலைநிகழ்ச்சி. வழக்கமாகச் சின்னப் பிள்ளைகளின் டான்ஸ்தான் இருக்கும். அந்த வருடம் பெரியப்பா இந்த விழாவை நடத்தும் மண்டல் கமிட்டியில் சேர்ந்திருந்தார். சேர்ந்த கையோடு செம்பூரிலிருந்து ஒரு மெல்லிசைக் குழுவைப் பேசி வந்துவிட்டார். ஆட்டோவில் மைக் கட்டி, அனுமதி முற்றிலும் இலவசம் என்று சந்து சந்தாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். அதற்கு முன்பு எங்கள் பக்கத்தில் யாரும் எதற்கும் டிக்கெட் போட்டதில்லை என்பது வேறு விஷயம்.

வீட்டில் நாங்கள் ஏழு பேர். பெரியப்பா, பெரியம்மா, இரண்டு அண்ணன்கள், அப்பா, அம்மா, நான். எல்லோருக்கும் சேர்த்து ஒரே அறை, மேலே பலகை அடித்த ஒரு பரண். அவ்வளவு பேர் இருந்தும் எனக்கென்று யாரும் இல்லாத மாதிரியே இருக்கும். அண்ணன்களுக்கு அவர்கள் இருவரும் போதும். பெரியம்மாவுக்கு நான் இன்னொரு வேலை. அம்மா மாட்டுங்காவில் இரண்டு வீடுகளில் சமையல் செய்தாள். நான் எழுவதற்கு முன் போய்விடுவாள். பொழுது சாய்ந்து வந்ததும் இங்கே அடுப்பு, பாத்திரம், துணி. என் பக்கத்தில் வந்து படுக்கும்போது அம்மா பாதித் தூக்கத்தில் இருப்பாள். நான் பள்ளிக்கூடத்துக் கதையை ஆரம்பித்தால் இரண்டு முறை 'ம்' கொட்டுவாள், மூன்றாவது 'ம்' வராது.

அதனால்தான் கச்சேரி என்றதும் எனக்குப் பாட்டு நினைவுக்கு வரவில்லை. அம்மாவோடு சேர்ந்தாற்போல மூன்று மணி நேரம் உட்காரலாம் என்பதுதான் நினைவுக்கு வந்தது. அங்கே அடுப்பு கிடையாது, பாத்திரம் கிடையாது. மைக்கில் பாட்டு அலறும்போது தூங்கவும் முடியாது. அம்மாவுக்குப் பாட்டு பிடிக்குமா என்று எனக்குத் தெரியாது. அவளுக்கு என்ன பிடிக்கும் என்று வீட்டில் யாருமே கேட்டதில்லை.

நான் கேட்டபோது அம்மா உடனே சரி என்றாள். எனக்கே ஆச்சரியம்.

"வாரேன்ட்டி. எனக்கும் சேத்து எடம் புடிச்சு வையி. ரொம்ப முன்னால வேண்டாம், ஸ்பீக்கரு காத அடைக்கும்."

அன்று காலையிலும் அம்மா வேலைக்குப் போனாள். நாட்டுக்கு விடுமுறை என்றால் மாட்டுங்கா வீடுகளில் விருந்தாளிகள் வருவார்கள். ஆகவே அம்மாவுக்கு அன்றுதான் வேலை இரட்டிப்பு. ஆனாலும் கச்சேரி தொடங்குவதற்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள்.

நான்கு மணிக்கே மைதானத்தில் தார்ப்பாய் விரித்துவிட்டார்கள். பெண்கள் பெட்ஷீட், சாக்கு, செருப்பு என்று கைக்குக் கிடைத்ததைப் போட்டு இடம் பிடித்தார்கள். பெரியம்மாவும் ஒரு பெட்ஷீட்டை விரித்து, தன் தங்கை வீட்டார் அத்தனை பேருக்கும் இடம் ஒதுக்கினாள். என்னையும் அதில் ஒரு மூலையில் உட்காரச் சொன்னாள். அம்மாவுக்கு என்று கேட்டேன். உங்கம்மா எங்கே வரப்போகிறாள் என்று சொல்லிவிட்டுத் தங்கையோடு பேசப் போய்விட்டாள். எனக்கு ஆத்திரம் வந்தது. வீட்டுக்கு ஓடினேன். விரிப்பதற்கு வேறு எதுவும் இல்லை. குடம்தான் இருந்தது. அதில் பாதிக்குத் தண்ணீர் நிரப்பி, வாயில் தம்ளரைக் கவிழ்த்து, இடுப்பில் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு வந்தேன். நாலாவது வரிசையில் ஸ்பீக்கரை விட்டுத் தள்ளி வைத்து, பக்கத்தில் நான் உட்கார்ந்துகொண்டேன்.

பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். இங்கே என்ன தண்ணீரா வரப்போகிறது என்று ஒருத்தி கேட்டாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "இது எங்கம்மா எடம்" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். ஆனால் குடத்தை யாரும் தொடவில்லை. பழகிய சட்டம் அங்கேயும் செல்லுபடியானதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஏழு மணிக் கச்சேரி எட்டாகியும் தொடங்கவில்லை. சிறப்பு விருந்தினர் வரவில்லையாம். அவர் வருவதற்குள் பெரியப்பா மூன்று முறை மைக்கைப் பிடித்து, எல்லோரும் அமைதி காக்க வேண்டும் என்று கத்தினார். அப்பா மேடைக்குக் கீழே வயரைப் பிடித்தபடி நின்றார். ஒரு ஃப்யூஸ் போனால் ஓடுவதற்கு ஆள் வேண்டும் அல்லவா. மைதானம் நிறைந்து வழிந்தது. நான் குடத்தின் மேல் கையைப் போட்டுக்கொண்டு நிமிடத்துக்கொரு தரம் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண் இருந்தாள். அடுத்த சந்துக்குப் புதிதாகக் குடிவந்தவள். மூத்த பிள்ளைக்கு விக்கல் எடுக்கிறது, ஒரு வாய் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டாள். கொடுத்தேன். அதைப் பார்த்துப் பக்கத்து வரிசையிலிருந்து இன்னொரு பிள்ளை வந்தது. பிறகு ஒரு பாட்டி. பிறகு தோல் பட்டறை பாய் வீட்டுப் பெண்கள். ஷீராவின் இனிப்பு எல்லோருடைய தொண்டையிலும் ஒட்டிக்கொண்டிருந்தது போலும். என்னிடம் அதற்கு முன் யாரும் எதையும் அவ்வளவு பிரியமாகக் கேட்டதில்லை. கண்ணு என்றார்கள், தங்கம் என்றார்கள், நல்லா இருப்ப தாயி என்றார்கள். நான் தம்ளர் தம்ளராக ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். விருந்தினர் வந்து, பேசி, மாலை வாங்கிக்கொண்டு போவதற்குள் அம்மாவின் இடம் சொட்டுச் சொட்டாகத் தீர்ந்துவிட்டது.

முதலில் தேசபக்திப் பாட்டுகள் பாடினார்கள். அப்புறம் இந்தியில் இரண்டு, மராத்தியில் ஒன்று. பிறகு ஜிகினாப் புடவை கட்டிய பாடகி வந்து பழைய தமிழ்ப் பாட்டுகளைத் தொடங்கினாள். விசில் பறந்தது. பின்னாலிருந்த பெண் என் தோளைத் தொட்டாள். கைக்குழந்தை தூங்கிவிட்டதாகவும், கை மரத்துப்போய்விட்டதாகவும் சொன்னாள். உங்கள் அம்மா வந்ததும் எடுத்துவிடுகிறேன் என்றபடி ஒரு கையால் குடத்தைத் தூக்கி என் மடியில் வைத்தாள். அந்த இடத்தில் துண்டை விரித்துக் குழந்தையைக் கிடத்தினாள். வெற்றுக் குடம், ஒரு கைக்கே வந்துவிட்டது. தூங்கும் குழந்தையோடு எப்படிச் சண்டை போடுவது? அது வாயைத் திறந்துகொண்டு, அம்மாவின் இடத்தில் சௌகரியமாகத் தூங்கியது.

எனக்குப் பதற்றமாகிவிட்டது. அம்மா இப்போது வந்தால் எங்கே உட்காருவாள்? இடம் இல்லை என்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்துவிடுவாள். அதற்குள் வழியிலேயே அவளைப் பிடித்து இழுத்து வந்துவிட வேண்டும். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, வசவுகளை வாங்கிக்கொண்டே, கால்களை மிதித்து வெளியே வந்தேன்.

மைதானத்துக்குப் பின்னால் பூட்டிய கடைகள் வரிசையாக இருந்தன. கூட்டம் அங்கே இல்லை. ஒரு கடலை வண்டி மட்டும் நின்றது. மாவு மில்லின் ஷட்டருக்குக் கீழே, படியில், அம்மா உட்கார்ந்திருந்தாள்.

கூப்பிட வாயைத் திறந்துவிட்டேன். ஆனால் ஏதோ சரியில்லை. அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, காலை நீட்டிப் போட்டிருந்தாள். மடியில் வேலைக்குப் போகும் பை. கையில் கடலைப் பொட்டலம். ஒவ்வொன்றாக உடைத்து, தோலை ஊதி, அவசரமே இல்லாமல் மென்றுகொண்டிருந்தாள். காலடியில் கடலைத் தோல் குவிந்து கிடந்தது. வந்து வெகு நேரமாகியிருக்க வேண்டும். பாடகி பாடப் பாட அம்மாவின் உதடும் கூடவே அசைந்தது. ஒரு வரிகூடத் தவறவில்லை. பாட்டு முடிந்ததும் பொட்டலத்தை மடியில் வைத்துவிட்டுக் கை தட்டினாள். என் அம்மா கை தட்டி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த முகத்தையும் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் அவள் காட்டியிராத முகம் அது.

அவள் பக்கத்தில், படியில், இன்னும் ஒருவர் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. நான் போய் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் என்னைப் பார்த்த உடனே அவள் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்துவிடுவாள், குடத்தை வாங்கி இடுப்பில் வைத்துக்கொள்வாள் என்பது மட்டும் எப்படியோ தெரிந்தது. அடுத்த பாட்டு தொடங்கியது. நான் கடலை வண்டியின் மறைவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா ஒரு தடவைகூட என்னைத் தேடிக் கூட்டத்துக்குள் எட்டிப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை அழுகையாக வந்தது. அம்மா வராமல் இருந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. வந்துவிட்டாள், ஆனால் என்னிடம் வரவில்லை.

பாட்டு முடிவதற்குள் திரும்பிவிட்டேன். அம்மா வந்துவிட்டாளா என்று அந்தப் பெண் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். பாவம் என்று சொல்லி அவள் தன் முழங்காலில் என்னைச் சாய்த்துக்கொண்டாள். சுற்றிலும் அவ்வளவு ஜனம், அவ்வளவு சத்தம். எனக்கு எதுவும் காதில் விழவில்லை.

கச்சேரி முடிந்து பெரியம்மாவோடு வீட்டுக்குப் போனபோது அம்மா அடுப்படியில் இருந்தாள். இப்போதுதான் வந்ததாகச் சொன்னாள். பெரிய குடும்பம் ஒன்று விருந்துக்கு வந்துவிட்டதாம், பாத்திரம் மலையாகக் குவிந்துவிட்டதாம். கடலை வாசம் எங்கேயும் வரவில்லை.

மறுநாள் நான் கண் விழித்தபோது அம்மா வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தாள். கொஞ்சம் பிந்திப் போனால் ஒன்றும் ஆகாது என்றாள். தினமும் பெரியம்மாதான் எனக்கு அவசர அவசரமாகச் சடை போட்டுவிடுவாள். அன்று அம்மா என்னை முன்னால் உட்கார்த்தி எண்ணெய் வைத்துச் சீவினாள். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, என் முகம் அவளுக்கும்.

"நேத்து என்னய ரொம்பத் தேடுனியா பிள்ள?"

நான் கையிலிருந்த ரிப்பனை விரலில் சுற்றினேன்.

"வேல முடியல. வந்துருவேன்னுதான் நெனச்சேன்." கொஞ்ச நேரம் பின்னிக்கொண்டே இருந்தாள். "எடத்துல வேற யாரும் வந்து உக்காந்துட்டாவளா?"

அந்த வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். ஒருவருக்கு நம்மைப் பிடித்தால் பக்கத்தில் வந்து உட்காருவார்கள், பிடிக்காவிட்டால் தள்ளி உட்காருவார்கள். விடிந்ததிலிருந்து யாராவது ஒருவர் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும் ஒருத்திக்கு, யாரும் கூப்பிடாத ஒரு படிக்கட்டு எவ்வளவு பெரிய விடுமுறை என்பது தெரியாது. என்னை அவளுக்குப் பிடிக்கவில்லை என்று ராத்திரி முழுக்க நினைத்து நினைத்து முடிவே செய்திருந்தேன். இனிமேலாவது பிடிக்க வேண்டும் என்று, நல்ல பிள்ளையாகப் பதில் சொன்னேன்.

"இல்லம்மா. கடேசி வரைக்கும் உன் எடம் அப்பிடியேதான் இருந்துச்சு."

பின்னிக்கொண்டிருந்த கை நின்றது. அம்மா முடிக்கப்போன சடையை அடியிலிருந்து மெல்ல மெல்ல அவிழ்த்தாள். மறுபடியும் உச்சியிலிருந்து சீவத் தொடங்கினாள், ஒரு சிக்கும் இல்லாத முடியை, வெகு நிதானமாக.

சடை கோணலாகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டது, சீக்கிரம் போடும்மா என்று அவசரப்படுத்தினேன்.