ஒரு வேலைக்கு மட்டும்

காலை பத்தே கால். திண்டிவனம் பதிவு அலுவலகத்துக்கு எதிரே காரை நிறுத்தியதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதன் முதுகைப் பிடித்தபடி என் தங்கையின் கணவர் நின்றிருந்தார். அப்பாவுக்கு உட்கார ஒன்று வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

முழங்கால் போனதிலிருந்து அப்பா விழுப்புரத்தில் என் வீட்டில்தான் இருக்கிறார். மாத்திரை, குளியல், மருத்துவமனை எல்லாம் நான். பெருமுக்கல் நிலத்துக்காக அலுவலகப் படிகள் ஏற முடியவில்லை என்பதால் தன் சார்பில் செயல்பட எங்களுக்குப் பவர் பத்திரம் எழுத முடிவு செய்தார். இரண்டு வகையையும் நானே விளக்கியிருந்தேன். பொது அதிகாரம் என்றால் அவர் இடத்தில் நின்று குத்தகைக்கு விடலாம், விற்கலாம், எல்லாம் செய்யலாம். தனி அதிகாரம் குறிப்பிட்ட ஒரு வேலைக்கு மட்டும். அந்த வேலை முடிந்தால் பத்திரத்தின் ஆயுளும் முடிந்தது. பொது அதிகாரம் எனக்குத்தான் என்று நினைத்தே விளக்கினேன்.

பத்திரம் எழுதுபவர் கேட்டார்: “யாருக்கு எதுங்க ஐயா?”

“மாப்ளைக்கு ஜெனரலு. இவனுக்கு ஸ்பெஷலு. கரண்ட் சர்வீஸ புது போர்வெல்லுக்கு மாத்தணும்ல, அந்த வேலைக்கு மட்டும்.”

“ஏம்ப்பா, கூட இருக்கறவன் நான்தான?” என்றேன்.

“நீ ஒரு காயிதத்த நாலு வாட்டி படிப்ப. தப்பு எங்கன்னு தேடிக்கினு இருப்ப. அதுக்குள்ள மல்லாட்டை காஞ்சி பூடும். மாப்ள ஜல்தியா முடிச்சிக்கினு வந்துடுவாரு.”

மாப்பிள்ளை சிரித்தார். “மச்சான், உங்களுக்குத்தான் ஸ்பெஷலு. டீ நீங்கதான் சொல்லணும்.”

சொன்னேன். “ஐயாவுக்குச் சக்கரை வேணாம்” என்று கடைக்காரரிடம் அவர் முந்திக்கொண்டார். உள்ளே ரேகை வைத்த பிறகு அப்பா கட்டைவிரல் மையை மாப்பிள்ளையின் கைக்குட்டையில் துடைத்தார். என் சட்டைப்பையிலும் கைக்குட்டை இருந்தது.

மறுநாள் காலையிலேயே மின்வாரிய அலுவலகத்துக்குப் போய்விட்டேன். கிராம நிர்வாக அலுவலரைத் தேடி வயலுக்கே சென்று கையெழுத்து வாங்கினேன். விண்ணப்பத்தை ஒரே ஒரு முறை படித்தேன். பொறியாளர் இருக்கைக்கு வருமுன் அவர் அறை வாசலில் நின்றேன். “என்னா சார், தலபோற அவசரமா?” என்று கேட்டார் வயர்மேன். ஆமாம் என்றேன். மாப்பிள்ளையைவிட ஜல்தியாக முடிக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் அப்போது மனத்தில் இல்லை. அவருக்கோ அதுவரை செய்வதற்கு ஒரு வேலையும் வந்திருக்கவில்லை.

நிலக்கடலைப் பயிர் வாடுவதற்குள் இணைப்பு வந்துவிட்டது. அப்பாவைக் காரில் நிலத்துக்கு அழைத்துப் போனேன். வரப்பில் அதே பிளாஸ்டிக் நாற்காலி காத்திருந்தது.

“பரவால்லடா, சுருக்கா முடிச்சிட்டியே” என்றார் அப்பா. இத்தனை நாள் அதற்காகத்தான் ஓடியிருந்தேன்.

“பிரமாதம் மச்சான்” என்றார் மாப்பிள்ளை. “அப்போ உங்க பவரு இன்னியோட முடிஞ்சிது, இல்ல?”

வீட்டில் நான் அப்பாவுக்குச் சொன்ன அதே விளக்கம்தான். இந்த ஓட்டத்தில் எனக்கு அது ஒரு முறையும் நினைவுக்கு வரவில்லை.

மோட்டார் அறைக்குள்ளிருந்து வயர்மேன் கூப்பிட்டார். நான் இரண்டடி எடுத்து வைத்தேன்.

“மாப்ள,” என்றார் அப்பா, “நீங்க போடுங்க.”

சுவிட்சை மாப்பிள்ளை போட்டார்.