எட்டரை மணி மழை

அரியலூர் மறுபடியும் பெரம்பலூர் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த வருடங்கள் அவை. சாலைகளைக் கவனிக்கும் ஆபீசில் நான் பொறியாளர். எங்கள் ஊருக்கும் செந்துறைக்கும் நடுவே ஓடையில் இருந்த தரைப்பாலத்தை இடித்துப் புதிதாகக் கட்ட மழைக்கணக்குப் போட்டது நான்தான். ஒவ்வொரு வருடமும் எந்த நாளில் அதிகம் பெய்ததோ அந்த நாளின் மழையை எடுத்து, வளைகோடு போட்டு, இருபத்தைந்து வருடத்துக்கு ஒருமுறை வரக்கூடிய மழையைக் கணிப்போம். அதில் இவ்வளவு பங்கு ஒரு மணி நேர மழை என்று வாய்ப்பாடு மாதிரி ஒன்று வைத்திருந்தோம். பாலத்துக்கு அடியில் தண்ணீர் போக இரண்டு கண் போதும் என்று வந்தது. கோப்பு கையெழுத்துக்குப் போயிருந்தது.

ஐப்பசியில் ஒரு காலை. எட்டாவது படிக்கும் என் மகள் பள்ளிக்கு சைக்கிளில் கிளம்பும்போது மணி எட்டேகால், தூறிக்கொண்டிருந்தது. அவள் பாலத்தை எட்டுவதற்குள் கொட்டிவிட்டது. நடுப்பாலத்தில் முழங்காலுக்குத் தண்ணீர். சைக்கிளை ஓடை இழுத்துப் போனது. முந்திரிக்காட்டு வேலைக்குப் போன ஒரு பெண், புத்தகப்பையோடு சேர்த்து இவளைப் பிடித்துக் கரையேற்றி, வீடு வரை கூட்டி வந்தார்.

"இஞ்சினியரு வூட்டுப் புள்ள! ஓடையில தண்ணி வருதான்னு பாத்து அனுப்ப மாட்டீங்களா?"

"சைக்கிள் போயிடுச்சும்மா, திட்டாத" என்றாள் மகள். துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்டினேன்.

மூன்றாம் நாள் தாலுகா ஆபீசில் மழைப் பதிவேட்டைப் பார்த்தேன். அந்த நாளுக்கும் மறுநாளுக்கும் சாதாரண எண்கள்தான். மழை அளப்பவரிடம் கேட்டேன்.

"மேடம், எட்டரைக்கு அளந்து எழுதிட்டு, தண்ணியக் கொட்டிட்டு, மழைமானியத் திரும்ப வெச்சேன். அதுக்கப்புறம் பேஞ்சது மறுநாள் கணக்கு."

"ஒரே மழைதானே அது?"

"மழைக்கு ஆபீஸ் டைம் தெரியலையே, நான் என்ன பண்ணட்டும்?"

அவர் மேல் தப்பில்லை. விதிப்படி அளந்தார். அந்த எண்களை முழு மழை என்று நம்பியது நான். எட்டரைக்கு முன்னும் பின்னும் பெய்த ஒரே பேய் மழை, இரண்டு நாள் தூறலாகப் பதிவேட்டில் உட்கார்ந்திருந்தது.

கோப்பைத் திரும்பக் கேட்டு வாங்கினேன். பெரம்பலூர் பக்கம் ஒரு விவசாயப் பண்ணையில், மழையைத் தானாகவே தாளில் கோடாக வரையும் கருவி இருந்தது. பழைய தாள்களை எல்லாம் ஸ்கேல் வைத்து அளந்தேன். ஒரு மணி, மூன்று மணி, ஒரு நாள் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வளைகோடு. ஒரு நாள் மழை அதிகமாயிருந்த வருடமும் ஒரு மணி மழை அதிகமாயிருந்த வருடமும் பெரும்பாலும் வேறு வேறாக இருந்தன. சின்ன ஓடையை நிரப்புவது அந்த ஒரு மணி மழைதான். நான்கு கண் தேவைப்பட்டது.

"உங்க பொண்ணு நனைஞ்சதுக்கு நாலு கண்ணு பாலமாம்மா?" என்றார் மேலதிகாரி.

"நீங்க வர்ற பஸ்ஸும் அதுலதான் சார் வருது."

சிரித்துவிட்டார். ஆனால் ஒரு வாரம் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தாளாகச் சரிபார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். அதுவும் எனக்குப் பிடித்திருந்தது.

பாலம் முடிந்த பிறகு வந்த முதல் கனமழையில், மகள் கிளம்பியதும் குடையோடு நான் பின்னாலேயே போனேன். நான்கு கண்ணிலும் செம்மண் தண்ணீர் சுழித்து ஓடியது. மேலே ரோடு நனைந்திருந்தது, அவ்வளவுதான். அக்கரையிலிருந்து அவள் கத்தினாள்.

"தண்ணி கீழதாம்மா போவுது! நீ ஆபீசுக்குப் போ!"

மணி பார்த்தேன். எட்டரை ஆக இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. அதுவரை நின்றுவிட்டுத்தான் போனேன்.