கண்ணுக்குப் புரூப் பார்த்த சபாரத்தினம் அண்ணை

சபாரத்தினம் அண்ணை காலமான செய்தி மை காயாமலே என்னிடம் வந்தது. எங்கள் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் மாணிக்கம், பிழை பார்க்க எடுத்த ஈரமான புரூப் ஒன்றை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு என் மேசைக்கு வந்தார். மரண அறிவித்தல். பெயரைப் படித்துவிட்டு நிமிர்ந்தேன்.

“ஓம் அண்ணை, விடியப்புறம். சின்னக் காய்ச்சல்தான்” என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வரியெல்லாம் நேராக் கிடக்கோ எண்டு வடிவாப் பாருங்கோ. வளைஞ்சு கிடந்தால் மனுசன் எழும்பி வந்து ஏசும்” என்றார். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவரை அறிந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பின் காரணம் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

புத்தூரிலிருந்து சைக்கிளில் சுன்னாகத்துக்கு வந்து, எங்கள் அச்சகத்தில் புரூப் பார்த்தவர் அவர். பத்திரிகை, கலியாணக் காட், பஞ்சாங்கம் எதுவும் அவருடைய சிவப்புப் பேனையைத் தாண்டாமல் வெளியே போனதில்லை. அவருக்கு ஒரே சட்டம்: “இருக்கிறதை வாசி. இருக்கவேண்டியதை வாசியாதை.” பத்திரிகைக்கு நான் எழுதும் செய்திகளில் பாதி அந்தப் பேனைக்கே இரையாகும். புரூப் பார்ப்பவர், தாம் வெட்டிய சொல் நல்லதுதான் என்று பிறகு கண்டால் அதன் கீழே புள்ளிகள் இடுவார். அப்படியே இருக்கட்டும் என்று பொருள். எவ்வளவு சண்டை பிடித்தும் என் எழுத்துக்கு அண்ணை அந்தப் புள்ளிகளை இட்டதாக நினைவில்லை.

ஒருநாள் அவர் மாணிக்கத்தைக் கூப்பிட்டார். “டேய், உந்தப் பத்தி பாம்பு மாதிரி நெளியுது. வடிவா இறுக்கு.” மாணிக்கம் எழுத்துகளைப் பூட்டிய இரும்புச் சட்டத்தைக் கழற்றி, மீண்டும் இறுக்கி, இன்னொரு புரூப் எடுத்துக் கொடுத்தார். அதுவும் நெளிந்தது. மாணிக்கம் பொறுமையிழந்து வரியின் கீழே இரும்பு அளவுகோலான அடிமட்டத்தை வைத்தார். “இப்ப பாருங்கோ அண்ணை.”

அண்ணை குனிந்து பார்த்தார். “அடிமட்டமும் எல்லோ வளைஞ்சு கிடக்கு!” என்றார். முதலில் சிரித்தவர் அவர்தான். “அப்ப பிழை என்னட்டைத்தான்.”

யாழ்ப்பாணத்துக் கண் டாக்குத்தரிடம் நான்தான் கூட்டிச் சென்றேன். வயதினால் விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்து வருகிறது. இடக்கண்ணில் கூடுதல், வலக்கண்ணில் ஆரம்பம். இதை நிறுத்த மருந்து இல்லை என்றார் டாக்குத்தர். முழுக்க இருண்டுவிடாது, ஓரப் பார்வை நிற்கும். ஆனால் வாசிப்பு இனி வலக்கண்ணை நம்பித்தான். கட்டங்கள் போட்ட அட்டை ஒன்றைத் தந்தார். தினமும் காலையில் வாசிக்கும் கண்ணாடியைப் போட்டு, ஒரு கண்ணைப் பொத்தி மறுகண்ணால் நடுப்புள்ளியைப் பார்க்கவேண்டும். கோடு வளைந்தாலோ மறைந்தாலோ குறித்துக்கொண்டு வரவேண்டும்.

அந்த அட்டை இரண்டொரு வாரத்தில் மையும் தேநீருமாகிவிட்டது. அட்டவணைகளுக்கு வைக்கும் பித்தளைக் கோடுகளை அடுக்கி, நடுவில் ஒரு புள்ளி வைத்து, மாணிக்கமே அதே கட்டத்தைக் கோத்தார். வெட்டி மிஞ்சிய கடதாசிகளில் அடித்துக் குவித்தார். அண்ணை தினமும் ஒன்றை எடுத்துச் சிவப்புப் பேனையால் திருத்துவார். “என்ரை கண்ணுக்கு நானே புரூப் பாக்கிறன்” என்பார்.

அவருக்கு இருந்த கவலை பஞ்சாங்கம் ஒன்றுதான். “ஒரு நாழிகை பிழைச்சால் ஒரு கலியாணம் பிழைக்கும். வலக்கண்ணிலை கோடு வளையிற அண்டைக்கு நான் பேனையை வைச்சிடுவன்” என்று எல்லோர் முன்னும் சொல்லியிருந்தார்.

வலக்கண் தாள்கள் மாதக்கணக்காகச் சுத்தமாகவே வந்தன. முதலாளிக்கும் மகிழ்ச்சி, எங்களுக்கும் மகிழ்ச்சி. பஞ்சாங்க வேலை தொடங்கும் வேளையில் மாணிக்கம் அன்றைய வலக்கண் தாளை உற்றுப் பார்த்தார். அச்சில் ஒரு பித்தளைத் துண்டு கழன்று விழுந்து, புள்ளிக்குப் பக்கத்திலேயே ஒரு கோடு அறுந்திருந்தது. அண்ணை எதையும் குறிக்கவில்லை.

“அண்ணை, உதிலை கோடு அறுந்து கிடக்கு. நீங்கள் காணேல்லையோ?”

“கட்டமெண்டால் கோடு நேராத்தானே போகும் எண்டு...” என்று தொடங்கியவர் நிறுத்தினார்.

“இருக்கவேண்டியதை வாசிச்சிட்டியள்” என்றார் மாணிக்கம்.

அண்ணை தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். புதிய தாள் ஒன்றை எடுத்தார். இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு புள்ளிக்கு அருகே ஒரு கோட்டை, தாம் கண்டபடியே, வளைத்து வரைந்தார். வரையாமல் விட்டிருந்தால் எங்களில் யாருக்கும் தெரிந்திராது. பேனையை மூடி மாணிக்கத்தின் சட்டைப் பையில் செருகினார். “இனி நீ வெட்டு. நான் ஏசிறன்.”

அந்த வருடப் பஞ்சாங்கத்தை மாணிக்கம் உரத்து வாசிக்க, அண்ணை கண்களை மூடிக்கொண்டு கேட்டார். “நில், நில். ஏகாதசிக்கு அடுத்த நாள் சதுர்த்தசியோ? இடையிலை கிடந்த ரெண்டு திதியும் பஸ்ஸைத் தவறவிட்டிட்டுதோ?” ஏச்சும் குறையவில்லை, பிழையும் தப்பவில்லை.

நடுப்பார்வை மங்கிய பிறகு, பார்வையைச் சற்றுப் பக்கத்துக்கு விலக்கி ஓரக்கண்ணால் பார்க்கப் பழகிக்கொண்டார். சுன்னாகம் சந்தையில் வெங்காயம் விற்கும் பெண் ஒருத்தி, “ஐயா, என்னோடை கதைச்சுக்கொண்டு ஆரைப் பாக்கிறியள்?” என்று கேட்டாள். “உன்ரை காதைப் பாத்தால்தான் பிள்ளை, உன்ரை முகம் தெரியுது” என்றார் அண்ணை. அவள் சிரித்த சிரிப்பில் தராசுத் தட்டு ஆடியது.

கட்டத் தாள்களை மட்டும் அவர் விடவில்லை. தாள்களைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனால், டாக்குத்தர் அவற்றை மேசையில் வரிசையாகப் பரப்பி, வளைவு எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று பார்ப்பார். கடைசி முறை, “இனிக் கொண்டுவரத் தேவையில்லை, நடுப்பகுதி போய்விட்டது, இதற்கு மேல் பரவாது” என்று சொன்னாராம். அண்ணை அதை ஒரு நல்ல செய்தியாகவே எங்களுக்கு வந்து சொன்னார். கையிலிருந்த தாளை என் மேசையில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. நெளிந்த கோடுகள், நடுவில் ஒரு வெறும் வட்டம், எல்லாம் சிவப்பு மையில். அவற்றின் கீழே, என் எழுத்துக்கு ஒருநாளும் கிடைக்காத அந்தப் புள்ளிகளை வரிசையாக இட்டிருக்கிறார்.