பெரியம்மாவின் மகனுக்கு முன்னால் ஓடியவள்

எங்கள் குடும்பத்தில் ஒப்பிடுவதற்கு எப்போதும் ஏதாவது ஒன்று இருந்தது. எனக்கா பெரியம்மாவின் மகனுக்கா முதலில் பல் முளைத்தது என்பதில் தொடங்கி, கணக்குப் புள்ளிகள், நீச்சல், தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டி என்று வளர்ந்து, எனக்குப் பன்னிரண்டு வயதானபோது அது அமெரிக்கன் ஃபுட்போலில் வந்து நின்றது. ஜெர்மனியில் கொலோன் நகரின் ஓரத்தில் ஒரே கட்டடத்தில் நாங்கள் கீழேயும் பெரியம்மா வீட்டார் மேலேயும் குடியிருந்தோம். சில மாதங்கள் மூத்தவன் என்ற ஒரே தகுதிக்காக அவனை நான் அண்ணா என்று கூப்பிட வேண்டியிருந்தது. அதுவே எனக்குப் பெரிய எரிச்சல்.

இது காலால் உதைக்கிற கால்பந்து அல்ல. தலைக்கவசமும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்தபடி ஓடுகிற விளையாட்டு. எதிரணி நம்மை விழுத்தப் பார்க்கும். அந்த வயதில் ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் ஒரே அணியில் ஆடலாம். பின்னால் நின்று பந்தை வாங்கிக்கொண்டு ஓடுபவருக்கு ரன்னிங் பேக் என்று பெயர். எங்கள் அணியில் மூன்று பேர் அப்படி இருந்தோம்.

அண்ணா ஒல்லி. கொஞ்சம் வெளி கிடைத்தால் போதும், கோட்டோரமாகப் பறந்துவிடுவான். யாராவது தொட்டால் விழுந்துவிடுவான் என்பதை மேல்வீட்டில் யாரும் பேசுவதில்லை. நான் கட்டை, கால்கள் பலம். நெரிசலுக்குள் புகுந்து இரண்டு மீட்டர் எடுத்துவரத் தெரியும். அதைவிட, அண்ணாவுக்கு முன்னால் ஓடி, அவனைப் பிடிக்க வருகிறவனை மறித்துத் தள்ளுவதில் என்னை மிஞ்ச அணியில் ஆளில்லை. எங்களைப் பயிற்றுவித்த ட்ரெய்னர் பெரும்பாலும் அதைத்தான் எனக்குத் தந்தார். எனக்கும் அது பிடித்திருந்தது. மோதி ஒருவனைச் சாய்க்கும்போது தோளிலிருந்து குதிக்கால் வரை ஓடும் சந்தோஷத்தை எந்தப் பேச்சுப் போட்டியும் தந்ததில்லை.

மூன்றாவதாக இருந்த பையன் எட்டிப் பறந்து பந்தைப் பிடிப்பதில் கெட்டிக்காரன். அவனுடைய தாய் மைதானத்து ஓரத்தில் கதைப்புத்தகம் வாசித்துக்கொண்டிருப்பார். ஆட்டம் முடிந்ததும் தலையை நிமிர்த்தி, சந்தோஷமாக இருந்ததா என்று மட்டும் கேட்பார். அந்தத் தாயை எனக்கு வாடகைக்காவது தருவார்களா என்று நான் ஏங்கிய நாட்கள் உண்டு.

ஏனென்றால் எங்கள் தாய்மார் இருவரும் சில மாதங்களுக்குள் நிபுணர்களாகிவிட்டார்கள். மடக்குக் கதிரை, தேநீர்க் குடுவை, மரக்கறி ரோல்ஸ் சகிதம் வந்து உட்கார்ந்து ஆட்டத்தைப் பிரித்து மேய்வார்கள். பெரியம்மா, "ஓடுறதெண்டால் என்ரை பிள்ளைதான். மற்றவை சும்மா துணைக்கு" என்பார். அம்மாவின் முகம் கறுக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைப் பிடித்துக்கொள்வார்.

"அவனுக்குப் பந்து. உனக்கு இடி. நீ என்ன, அக்காவின்ரை பிள்ளைக்கு வேலியோ?"

"அம்மா, அது என்ரை வேலை. ட்ரெய்னர் சொல்லித்தான் செய்யிறன்."

"அந்த மனுசனிட்டைச் சொல்லு, உன்னட்டையும் பந்தைக் குடுக்கச் சொல்லி."

கறி அள்ளும்போதும் தலை வாரி இழுக்கும்போதும் பந்து, பந்து என்று இதே பல்லவி. ட்ரெய்னருக்கு ஆளுக்கொரு வேலை தேவை என்று எத்தனை விதமாகச் சொன்னாலும் அம்மா பிடிவாதமாக அதே இடத்துக்குத் திரும்பி வருவார். அக்காவை வெல்ல வேண்டும் என்ற ஆசைக்கு என்னைப் பிடித்து ஓட விடுகிறார் என்று நான் நினைத்தேன்.

ஒருநாள் மாடிப்படியில் வைத்துப் பெரியம்மா, "உன்ரை மகளுக்கு ஓட ஏலாது. அதுதான் தள்ளவிட்டிருக்கினம்" என்று சொல்லிவிட்டார். அத்தோடு பேச்சு நின்றது. மேலும் கீழும் போய்வந்த கறிச் சட்டிகளும் நின்றன. எங்கள் வீட்டில் கார் ஓட்டுகிறவர் அப்பா மட்டுந்தான். ஆட்டம் நடக்கும் ஞாயிறுகளில் அவருக்கு வேலை. அதுவரை பெரியம்மாவின் காரில் போன நாங்கள், கவசங்கள் திணித்த பெரிய பையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினோம். பையைத் தூக்கியது நான். மானம் காத்தது அம்மா.

அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் மழையில் நடந்தது. அம்மா ஒரு முனையில், பெரியம்மா மறு முனையில். அண்ணா பந்தை வாங்கினான். நான் முன்னால் ஓடி, என்னைவிட இரண்டு பங்கு பெருத்த ஒருவனை மறித்தேன். அவன் சாய்ந்தான், ஆனால் என்மேல் சாய்ந்தான். மூச்சு அடைத்துப்போய்ச் சேற்றில் கிடந்தேன். அண்ணா என்னைத் தாண்டி ஓடி எல்லைக்கோட்டைக் கடந்தான். அணி முழுவதும் அவனைத் தூக்கக் கூச்சலிட்டு ஓடியது. என்னைத் திரும்பிப் பார்க்க ஒருவருமில்லை. அது எனக்குப் பெரிதாகவே படவில்லை. எங்களுக்குப் புள்ளி கிடைத்துவிட்டது!

நான் முழங்காலில் எழும்பியபோது, மைதானத்து ஓரக் கயிற்றைத் தாண்டிக் குளிர்கோட்டோடு அம்மா மைதானத்துக்குள் ஓடிவந்துகொண்டிருந்தார். நடுவர் விசில் ஊதினார். விதி மீறியதைக் காட்டும் மஞ்சள் துணி ஒன்று பறந்து வந்து விழுந்தது. எனக்குச் சேற்றுக்குள்ளேயே புதைந்துவிடலாம் போலிருந்தது. பின்னாலேயே ஓடிவந்த ட்ரெய்னரை அம்மா கைகாட்டினார்.

"சொல்லு இவருக்கு! பந்தை உன்னட்டைக் குடுக்கட்டாம்."

ட்ரெய்னர் என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன். அவர் பொறுமையாக, வழி திறப்பதில் உங்கள் மகளைப் போல இன்னொருவர் இல்லை என்றார். அதை நான் பெருமையோடு தமிழில் சொன்னேன்.

"இடி வாங்கிறதிலை முதல் பரிசோ?" என்றார் அம்மா.

அவரைக் கயிற்றுக்கு வெளியே அனுப்பிய பிறகு ட்ரெய்னருக்கு என்ன தோன்றியதோ, அடுத்த முறை பந்து எங்களிடம் வந்தபோது என் கையில் தரச் சொன்னார். எனக்கு முன்னால் ஓட வேண்டியது அண்ணா. யாரையும் மறித்து அறியாதவன். போன வேகத்தில் எதிராளி ஒருவனின் கால்களுக்குள் போய் விழுந்தான், அவனும் இடறினான். கிடைத்த இடைவெளியில் நான் புகுந்தேன். மூன்று மீட்டர். அதற்குப் பிறகு நாலைந்து பேர் என்மேல் விழுந்தார்கள்.

ஆட்டம் முடிந்து நாங்கள் வந்தபோது அம்மா அண்ணாவைத்தான் முதலில் கூப்பிட்டார். அவன் உதடு வெடித்திருந்தது. தன் சால்வையால் அவன் வாயைத் துடைத்து, தேநீர் ஊற்றி அவன் கையில் கொடுத்தார். ஒரு மாதமாக அவன் பெயரைக் கேட்டாலே முகம் திருப்பியவர்! பெரியம்மா தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்து எங்கள் பையைத் தூக்கிக் காருக்குள் வைத்தார்.

எனக்கோ பொறுக்கவில்லை. பின் ஆசனத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் ஏறியதும் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"பாத்தியளோ அம்மா? பந்து வைச்சிருக்கேக்கைதான் கூட இடி விழுந்தது. பந்து வைச்சிருக்கிற ஆளைத்தான் எல்லாரும் தேடி வருவினம். இப்பவாவது விளங்குதோ?"

அம்மா என் காதுக்குள்ளிருந்த சேற்றை விரலால் வழித்தார்.

"அது மற்றப் பக்கத்துப் பிள்ளையள். அவை இடிப்பினம்தானே. நான் பாத்தது எங்கடை பக்கத்தை. பந்து கையிலை இருந்தால் எல்லாரும் உனக்கு முன்னாலை ஓடி வருகினம். விழுந்தால் தூக்கி விடுகினம். இல்லாட்டி உனக்கு ஆர் வருவினம்?"

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். வீடு வந்து சேரும்வரை விதிகளை முதலிலிருந்து திரும்பவும் சொன்னேன். யார் ஓடுவது, யார் மறிப்பது, ஏன் எல்லோருக்கும் பந்து தர முடியாது என்று. அம்மா "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டே வந்தார். முன் ஆசனத்தில் பெரியம்மா ஏனோ கண்ணைத் துடைத்தார்.

இந்த விளையாட்டு அம்மாவுக்கு இந்தப் பிறவியில் விளங்கப்போவதில்லை என்பதில் எனக்கு அன்று துளி சந்தேகமும் இருக்கவில்லை.