கார்டு வீட்டுக் கடல்

சுண்டுவிரலைத் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார் ரயில் கார்டு அடைக்கலம். தலையில் தொப்பி அப்படியே இருக்கிறது. காதோரம் எஞ்சின் கரி அப்பியிருக்கிறது. முந்தின நாள் டியூட்டிக்குப் போய் இப்போதுதான் திரும்புகிற மனிதர், வந்ததும் பெண்டாட்டி முகத்தைப் பார்க்க வேண்டாமா? முன்னறையில் இருக்கும் கண்ணாடித் தொட்டிக்குத்தான் அந்த வீட்டில் முதல் மரியாதை. ருசி சரியாக இருந்தால் ஒரு தலையாட்டல். அதன் பிறகுதான் ஷூ கழற்றுவது, கால் கழுவுவது, சோறு எல்லாம்.

திருச்சி பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் அவர் வீட்டைத் தேடி அலைய வேண்டாம். பெயரைச் சொன்னதுமே, “கடல் வெச்சிருக்காரே, அவருங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் வழி காட்டுவார்கள். கடல் என்றால் பெட்டி அளவுக் கடல்தான். அடியில் மண்டபம் ஊர்க் கடற்கரை மணல், மேலே சில பவளப் பாறைத் துண்டுகள், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு ஜோடி மீன், ஒரு கடல் தாமரை. பெயர்தான் தாமரை, அது பூ இல்லை, பாறையில் ஒட்டிக்கொண்டு வாழ்கிற ஓர் உயிர். விரல் விரலாக நீட்டி விரியும். வேறு மீன் பக்கத்தில் வந்தால் கொட்டிவிடும். இந்த ஜோடியை மட்டும் மடியில் போட்டு வைத்துக்கொள்ளும். மண்டபத்தில் ஒரு தடவை முழங்காலளவு தண்ணீரில் இதைப் பார்த்துவிட்டு வந்தவர்தான். அன்று பிடித்த கிறுக்கு இன்றுவரை விடவில்லை.

திருச்சிக்கும் கடலுக்கும் வெகு தூரம். அடைக்கலம் போகிற வண்டியோ மானாமதுரையோடு சரி. அங்கிருந்து கடலோரம் போய்வரும் சக கார்டுகள், வைக்கோல் சுற்றிய கண்ணாடி ஜாடிகளில் கடல் தண்ணீரை நிரப்பி வந்து அவரிடம் கைமாற்றுவார்கள். ஆரம்பத்தில் ஜாடி இல்லை. செப்புக் குடத்துத் தண்ணீரைப் போலச் சுத்தமானது எது என்று, வீட்டில் புளி போட்டு விளக்கி வைத்திருந்த குடத்தையே கொண்டுபோனார். வந்து ஊற்றிய தண்ணீரில் முதல் கடல் தாமரை வெளுத்து, உருகி, நாறிப் போயிற்று. கடலில் வாழ்கிற இந்த மாதிரி உயிர்களுக்குச் செம்பு விஷம் என்று அவருக்கு அப்புறம்தான் தெரிந்தது. நல்லது என்று நினைத்துச் செய்ததில் போனதால், அந்தச் சாவு அவரை ரொம்ப நாள் உறுத்தியது.

காற்றுக்கு ஏற்பாடு இன்னும் வேடிக்கை. ஒரு பழைய லாரி டியூபில் சைக்கிள் பம்பால் காற்றடித்து, மெல்லிய ரப்பர் குழாய் வழியாகத் தொட்டிக்குள் குமிழ் விட வைத்திருக்கிறார். அவர் இல்லாதபோது காற்றடிப்பது மனைவி வீரம்மாளின் பொறுப்பு. “ஊருல பொம்பளைங்க ஆட்டுக்கல்லு சுத்துறாங்க. நான் மீனுக்கு மூச்சு விட்டுக்கிட்டு இருக்கேன்” என்பார் அந்த அம்மாள். சொல்லிக்கொண்டே அடிப்பார். அடிக்காமல் இருந்ததில்லை.

இதற்கு முன்னால் ஒவ்வொன்றாகச் செத்துப்போன மீன்களையெல்லாம் வேப்பமரத்தடியில் குழி தோண்டிப் புதைத்ததும் வீரம்மாள்தான். அதனால்தான் இந்த ஜோடி வந்து சேர்ந்த அன்றே கறாராகச் சொல்லிவிட்டார்: “இதுங்களும் போச்சுன்னா தொட்டி இந்த வீட்டுல இருக்கக் கூடாதுங்க. கடல்ல சும்மா கிடந்ததைக் கொண்டாந்து கொல்றதுக்கு நமக்கு என்ன உரிமை இருக்கு?” அடைக்கலம் சரி என்று கையடித்துக் கொடுத்தார். கொடி காட்டினால் வண்டி நகர வேண்டும் என்று வாழ்கிறவர். சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்குகிற பழக்கம் அவரிடம் கிடையாது.

போன கோடையில் பாசி பிடித்தது. முதலில் கண்ணாடி மூலையில் பச்சையாக ஒரு தடம். பிறகு பாறையெல்லாம் தலைமயிர் போல முளைத்து ஆடியது. மணலின் மேல் கருஞ்சிவப்பில் வழவழவென்று ஒரு படலம் வேறு. கடல் தாமரை நாளுக்கு நாள் சுருங்கி நாலணா அளவுக்கு வந்துவிட்டது. படுக்க இடமில்லாத மீன்கள் ரெண்டும் மூலையில் ஒண்டிக்கொண்டு மூச்சு வாங்கின. அடைக்கலத்துக்குச் சோறு இறங்கவில்லை.

வெயிலால்தான் என்று தொட்டியை ஜன்னலோரத்திலிருந்து நகர்த்தினார். சாக்குத் தொங்கவிட்டார். தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்து விரல் நகமெல்லாம் பச்சை. தேய்த்த இடத்தில் மறுபடியும் முளைத்தது. கோடையில் தண்ணீர் வேகமாக வற்றியதால், குறையக் குறைய மானாமதுரை ஜாடியைக் கவிழ்த்தார். கடல் மீனுக்குக் கடல் தண்ணீர்தானே ஊற்ற வேண்டும்? ஒவ்வொரு தடவையும் சுண்டுவிரலை நாக்கில் வைத்துப் பார்த்தார். “உப்பு கரெக்டா இருக்கு. அதுல குத்தம் சொல்ல முடியாது” என்றார். அதே சமயம் இலையில் விழுந்த குழம்பில் தினமும் குற்றம் கண்டுபிடித்தார். உப்பே இல்லையாம்.

“உங்க நாக்கைக் கொண்டுபோய் யார்கிட்டயாவது காட்டுங்க” என்றார் வீரம்மாள்.

நாக்கைக் காட்டவில்லை, தண்ணீரைக் காட்டினார். எஞ்சின் பாய்லருக்கு ஊற்றும் தண்ணீரைச் சோதித்துப் பார்க்கிற ரயில்வே கெமிஸ்ட் நஜிமுதீன் அவருக்கு நல்ல சிநேகிதர். அவர் சொட்டுச் சொட்டாக மருந்து விட்டு, நிறம் மாறும்வரை காத்திருந்து கணக்குப் பார்த்தார். நம்பாமல் இன்னொரு தடவையும் பார்த்தார்.

“கார்டு சார், இது கடல் தண்ணி இல்ல. ஊறுகாய் போடுற தண்ணி.”

“நான் தெனம் ருசி பாக்குறேனே.”

“தெனம் பாத்தா நாக்குக்கு எப்படித் தெரியும்? கொஞ்சம் கொஞ்சமா அதுக்கும் பழகிப்போச்சு. ஆவியாப் போறது வெறும் தண்ணி மட்டும்தான் சார். உப்பு உள்ளயே தங்கிடும். நீங்க அது மேல உப்புத் தண்ணியே ஊத்திருக்கீங்க. பாய்லருக்குள்ள உப்புப் படியுதே, அதே கதைதான். வத்துற அளவுக்கு நல்ல தண்ணி ஊத்துங்க. குழாய்த் தண்ணி வேணாம், மருந்து கலந்திருக்கும். ஒரேயடியாவும் இறக்காதீங்க, தாங்காது.”

அன்றிலிருந்து ஜாடிகளின் திசை மாறியது. ஓய்வு நாளில் அடைக்கலம் சைக்கிள் கேரியரில் ஜாடியைக் கட்டிக்கொண்டு ஸ்ரீரங்கம் போவார். கோடையில் ஒடுங்கிக் கிடக்கும் காவிரி மணலில் ஊற்றுத் தோண்டி, கலங்கல் தெளியும்வரை காத்திருந்து மொண்டுகொள்வார். குளித்துவிட்டு வந்த ஒரு கோயில் பெரியவர் அந்தச் சிரத்தையைப் பார்த்து மனம் நிறைந்துபோய், “திருமஞ்சனத்துக்கா எடுத்துண்டு போறேள்? எந்த சந்நிதி?” என்று கேட்டார். “இல்லீங்க சாமி, மீனுக்குங்க” என்றார் அடைக்கலம். பெரியவர் சற்று யோசித்துவிட்டு, “சந்நிதில இருக்கறவரும் மத்ஸ்யமா வந்தவர்தானே” என்று சொல்லிவிட்டு நடந்தார். இதை அடைக்கலம் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

உப்பு இறங்கியது. வீட்டுக் குழம்புக்கும் நல்ல பெயர் திரும்பியது. கடல் தாமரை கொஞ்சம் வாய் திறந்தது. ஆனால் பாசி போகவில்லை. சுரண்டி எடுத்தால் நாலு நாளில் பழையபடி. எங்கிருந்தோ அதற்குத் தீனி கிடைத்துக்கொண்டே இருந்தது. டியூட்டி இல்லாத ஒரு காலையில், வருவது வரட்டும் என்று பெரிய பாறையைத் தூக்கி, அடியில் மணலைக் கிளறினார். கறுப்பாக, அழுகின முட்டை வாடையோடு என்னவோ வந்தது. உள்ளங்கையில் வைத்துக் கழுவிப் பார்த்தார்.

சோற்றுப் பருக்கை.

வீரம்மாள் சமையலறை வாசலில் வந்து நின்றார். கையில் இருந்ததைப் பார்த்தார். மறைக்கத் தெரியாத முகம்.

“நான்தாங்க போட்டேன்.”

“எப்பலேருந்து?”

“தொட்டி வந்த நாள்லேருந்துதான். நீங்க போனா மறுநாள்தான் வர்றீங்க. காக்காய்க்கு வெச்சுட்டுத்தான் நான் சாப்பிடுறேன். வீட்டுக்குள்ள ரெண்டு உசுரு பட்டினியாக் கிடக்கும்போது எனக்கு மட்டும் எப்படிங்க எறங்கும்? குழைச்சு, சின்ன உருண்டையாத்தான் போட்டேன். திங்குதுன்னு நெனச்சேன்.” அந்தப் பருக்கையை மறுபடியும் பார்த்துவிட்டு, “அப்ப, கொன்னதெல்லாம் நான்தானா?” என்றார்.

அடைக்கலத்துக்குக் கோபம் வரவில்லை. நியாயமாக வந்திருக்க வேண்டும். அத்தனை நாள் நார் தேய்த்த கை. ஆனால் அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. தொட்டியைத் தூக்கி எறியச் சொன்னவளே தினமும் அதற்குச் சோறு பிசைந்து போட்டிருக்கிறாள். இத்தனை வருஷம் இந்தக் கிறுக்கில் தான் தனி ஆள் என்று நினைத்திருந்தார்.

“நீ மட்டுமா? செப்புக் குடத்துல கொண்டாந்தது யாரு, ஊறுகாய் போட்டது யாரு?” என்றார். “கடல்ல சோறு கிடையாது வீரம்மா. அதான் அது தீனின்னு அதுங்களுக்குத் தெரியல. உள்ள கிடந்து அழுகி, பாசி தின்னுடுச்சு. காஞ்ச இறாலைப் பொடி பண்ணித் தர்றேன். ஒரு சிட்டிகை. நான் இல்லாத அன்னிக்கு நீதான் போடணும்.”

“இவ்வளவுதானா? பாவம்.”

“அதுங்க வயிறு அவ்வளவுதான்.”

அழுகின மணலை வாரிக் கொட்டிவிட்டுப் புது மணல் போட்டார். கறுத்த பாறைகளைக் கடல் தண்ணீரிலேயே கழுவினார். வீரம்மாள் இறால் பொடியை விரல்நுனியில் எடுப்பார். மிளகளவு கூடிவிட்டால் டப்பாவிலேயே உதறிவிடுவார். பாசி மெல்ல வெளுத்தது. மழைக்காலம் வருவதற்குள் கண்ணாடியில் முகம் பார்க்கலாம் போல ஆயிற்று.

சென்ற வாரம் அடைக்கலம் டியூட்டி முடிந்து வந்தபோது பொன்மலை ரயில்வே பட்டறைச் சங்கு ஊதி ஓய்ந்திருந்தது. தொட்டிக்குள் கடல் தாமரை உள்ளங்கையை விட அகலமாக விரிந்திருந்தது. அதன் விரல்களுக்கு நடுவே ஜோடி மீன்கள் வால் மட்டும் தெரியப் படுத்துக் கிடந்தன. வீரம்மாள் எட்ட நின்றபடியே, “இருக்காங்களா?” என்று கேட்டார். இதுவரை அவர் வாயில் “இதுங்க”தான்.

அடைக்கலம் மூலையில் கிடந்த முக்காலியை இழுத்து, யூனிஃபார்ம் கோட்டுக் கையாலேயே தூசு துடைத்து, தொட்டிக்கு நேர் எதிரே போட்டுவிட்டு, தாம் ஒதுங்கிச் சுவரோரம் நின்றார்.